நான் எடுத்தேனா, இல்லையா சார்?

என் தாய்மாமன் ஒரு படத்தில் நடித்திருக்கிறார். மூன்று இடத்தில் தலை காட்டுவார்.

முதல் இடம் ஓடும் பேருந்து. பர்ஸைக் காணோம் என்று ஒருவர் கத்துகிறார். கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. கம்பியைப் பிடித்தபடி நிற்கும் ஒல்லியான ஆளின் மேல் எல்லாருடைய கண்ணும் விழுகிறது. அவனை அடித்து இறக்கிவிடுகிறார்கள். புழுதியில் இருந்து எழுந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிறான். இரண்டாவது இடத்தில், வேலை கேட்டு ஒரு கடைக்குப் போகிறான். கடைக்காரர் முகத்தைப் பார்த்ததுமே விரட்டிவிடுகிறார். மூன்றாவதில் மறுபடி பேருந்து. இந்த முறை அவன் விரல்கள் உண்மையிலேயே ஒருவருடைய பைக்குள் போகின்றன. அதற்குப் பிறகு அவன் படத்தில் இல்லை.

மாமா நடிகர் அல்ல. சலவைக் கடையில் இருந்து படப்பிடிப்புக்குத் துவைத்த உடைகளைக் கொண்டுபோனவர். அந்த வேடத்துக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. "ஏம்ப்பா, பஸ்ல நிப்பியா?" என்று கேட்டிருக்கிறார்கள். நின்றார். அன்றிலிருந்து அவருக்குத் தெருவில் பெயர் 'ஜேப்படியார்'. மரியாதை விகுதியோடு வந்த பட்டம் என்பதால் அவர் அதை மறுக்கவில்லை.

"உங்க மாமா ஒரே ஒரு தடவை பஸ் ஏறினாரு. இன்னும் இறங்க மாட்டேங்கிறாரு" என்பார் அத்தை.

கல்லூரிக்குப் பக்கம் என்பதால் நான் அவர்கள் வீட்டில் தங்கிப் படித்தேன். இரண்டே அறை. மாமாவால் ஓரிடத்தில் இருக்க முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் எதையாவது தட்டும். அவரை நிலையாக நிறுத்தி வைத்த ஒரே இடம் கடையின் கவுண்ட்டர். அங்கே ஆட்கள் வருவார்கள், பேசுவார்கள், அவரைப் பார்ப்பார்கள். பார்க்கப்படுவது அவருக்குச் சோறு மாதிரி. பின்கட்டில் இருந்த ஸ்டீம் அறையை அவர் 'கிடங்கு' என்பார். சன்னல் இல்லை, ஆவிதான். அங்கே வேலை செய்பவரின் முகத்தை வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது.

கவுண்ட்டரில் அவர் வேலை பை பார்ப்பது. துணி உள்ளே போகும்முன் ஒவ்வொரு சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் துழாவ வேண்டும். ஒரு பேனா தப்பினால் போதும், கூடப் போன வெள்ளை எல்லாம் நீலமாகிவிடும். மாமா இரண்டு விரலை விட்டு, அடித்துணியை வெளியே இழுத்து, மடிப்பில் தங்கிய பஞ்சைச் சின்ன பிரஷ்ஷால் தட்டுவார். கிடைத்ததை உடையவர் முன்னால் தட்டில் வைப்பார். தாள் என்றால் எழுத்துப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பார். என்ன கிடைத்தது என்று வாய்திறந்து சொல்லமாட்டார். யாரும் எழுதி வைக்காத வழக்கம் அது. புதிதாக வேலைக்கு வருபவர்களும் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

நான் கடைசி வருடம் படிக்கும்போது அந்தப் பழைய படத்தை ஏதோ ஒரு தொலைக்காட்சியில் போட்டார்கள். யாரோ மூன்றாவது காட்சியை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பிவிட்டார்கள். விரல்கள் பைக்குள் போகின்றன, பிறகு மாமாவின் முகம். அவ்வளவுதான். அது கைபேசி கைபேசியாகச் சுற்றி, கடைசியில் கடைக்கே வந்து சேர்ந்தது. ஓர் அம்மா, தன் கணவரின் கால்சட்டையைக் கவுண்ட்டரில் வைத்துவிட்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு முதலாளியிடம் கேட்டாராம்:

"பாக்கெட் பாக்க வேற ஆள் இல்லீங்களா?"

அன்று மாலை முதலாளி மாமாவைக் கூப்பிட்டார். "கொஞ்ச நாளைக்கு நீ உள்ள இரு. ஸ்டீம் பக்கம். என் மாப்பிள்ளைய முன்னாடி போடறேன்."

மாமா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தார். "கெடங்குல போட்டா நான் செத்துருவேன்" என்றார்.

"ஆவியில வெந்தா செத்துப்போக நீங்க என்ன இட்லியா?" என்றார் அத்தை. ஆனால் தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு அவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் மாமா ஒரு யோசனையோடு போனார். ஒரு வாரம் தவணை கேட்டார். முதல் வாடிக்கையாளர் கோட்டை நீட்டியதும் கைகளை விளம்பரப் பலகை போல உயர்த்திக் காட்டினார். "ஜேப்படியார் கை வைக்கிறார்! அவங்கவங்க பர்ஸ அவங்கவங்க பத்திரமா பாத்துக்குங்க!" பிறகு கிடைத்ததை எல்லாம் ஏலம் போடுபவர் போலக் கூவினார். "ஒரு சீப்பு, பல்லு கொஞ்சம் கம்மி! பாதி கடிச்ச மிட்டாய், மீதி யாருக்கு?" வரிசையில் சிரிப்பு. அடுத்த நாள் இன்னும் பெரிய சிரிப்பு. துணி இல்லாதவர்கள்கூட வந்து படம் பிடித்தார்கள். முதலாளி மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். கவுண்ட்டர் மாமாவிடமே இருந்தது.

"பேசாம இருந்த கை இப்ப கத்துது" என்று அத்தை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதே நாட்களில்தான் நான் கருத்தரங்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். சமூகவியல். ஒரு திரைப்படப் பாத்திரத்தை எடுத்து, பிறழ்நடத்தை பற்றிய ஒரு கோட்பாட்டை அதில் பொருத்திக் காட்ட வேண்டும். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முத்திரையிடல் கோட்பாடு, மாமா நடித்த பாத்திரம். எந்தச் செயலும் தானாகக் குற்றமாகிவிடுவதில்லை, பார்ப்பவர்கள் பெயர் வைக்கும்போதுதான் ஆகிறது. பெயர் ஒட்டிக்கொண்டால் மற்ற கதவுகள் மூடிக்கொள்ளும், ஆள் மெல்ல மெல்ல அந்தப் பெயராகவே மாறுவார். இதுதான் கோட்பாட்டின் சாரம். அடி, விரட்டல், பிறகு திருட்டு. மூன்று காட்சியும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தின. அப்படிப் பொருந்தியதுதான் எனக்கு உறுத்தியது. எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. எனக்கு எளிதாக வருவது எதுவுமே சரியாக இருக்காது என்ற பயம் கூடவே இருந்தது.

மாமாவிடமே கேட்டேன். "முதல் சீன்ல நீங்க பர்ஸ எடுத்தீங்களா மாமா?"

"எந்த டேக்குல?"

"கதையில மாமா. அந்த ஆளு உண்மையிலேயே எடுத்தானா?"

அவர் கால் ஆடுவது நின்றது. "அன்னிக்கே கேட்டேன் மருமகளே. உதவி டைரக்டர் ஒருத்தர் கையில அட்டைய வச்சிக்கிட்டு ஓடிக்கிட்டே இருப்பாரு. 'நான் எடுத்தேனா, இல்லையா சார்?'னு கேட்டேன். மொறச்சாரு. 'அது உனக்கு எதுக்கு? அடிய வாங்கு, விழு, எந்திரி'ன்னுட்டுப் போய்ட்டாரு."

"அப்புறம் என்ன நெனச்சு நடிச்சீங்க?"

"ஒரு டேக்குல எடுத்தேன்னு நெனச்சேன், ஒரு டேக்குல எடுக்கலன்னு நெனச்சேன். எடுத்தேன்னு நெனச்சப்ப மூஞ்சி சும்மா கெடந்துச்சு. எடுக்கலன்னு நெனச்சப்பதான் திருதிருன்னு முழிச்சேன். அதைத்தான் படத்துல வச்சிருக்காங்க."

"எந்த டேக்கா இருந்தா என்ன, வீங்கினது ஒரே கன்னம்தான்" என்றார் அடுப்படியில் இருந்து அத்தை.

கருத்தரங்குக்குக் கோட் போட்டு வர வேண்டும் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். தோழியிடம் கடன் வாங்கிய கறுப்புக் கோட்டைச் சுத்தம் செய்ய ஒரு மாலை கடைக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு முன்னால் கையில் குடையோடு ஒரு நெட்டை ஆள். அவருக்கு முன்னால் கணவன், மனைவி. கணவர் டை கட்டியிருந்தார். சாம்பல் நிறக் கோட்டைக் கவுண்ட்டரில் வைத்தார்.

"ஜேப்படியார் கை வைக்கிறார்!" மாமா தொடங்கினார். "வெளிப்பையில ஒரு கைக்குட்டை, அழுதது யாரு? ஒரு குண்டூசி, குத்தினது யாரு?" அந்த மனைவிகூடச் சிரித்தார். மாமாவின் விரல்கள் உள்பைக்குள் போயின.

அங்கே நின்றன.

ஒரு மூச்சு நேரம்தான். பிறகு கை வெளியே வந்தது, மூடியபடி. "உள்பை காலி!" என்று கூவினார். மற்ற கை காற்றில் வட்டம் போட்டது. எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்த்தோம்.

"காலி இல்ல" என்றார் குடைக்காரர். "எடுத்தான். நான் பாத்தேன். மூடின கையில இருக்கு."

இதுவும் வேடிக்கையின் பகுதி என்று நினைத்து இரண்டு பேர் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். மாமா சிரிக்காததைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என்னய்யா அது? கையத் தொற."

"ஒண்ணும் இல்ல முதலாளி."

"ஒண்ணும் இல்லன்னா தொறக்கறதுக்கு என்ன?"

மாமா திறக்கவில்லை. சாம்பல் கோட்டுக்காரரின் முகம் வெளுத்திருந்தது. "விடுங்க சார். போனா போகட்டும். சின்ன விஷயம்" என்றார்.

மனைவி அவர் பக்கம் திரும்பினார். "என்ன போனா போகட்டும்? பையில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குப் போனா போகட்டுங்கிறீங்க?"

"படத்துல பாத்தப்பவே நெனச்சேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ கைபேசியை உயர்த்தினார்கள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். "காட்டிடுங்க மாமா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எத்தனையோ முறை திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். எடுக்காதவனின் முழி. ஆனால் கை மூடித்தான் இருந்தது. உள்ளே ஏதோ இருந்தது. எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்தது. எனக்கே வந்தது.

"உள்ள போ" என்றார் முதலாளி.

மாமா காலரைச் சரிசெய்துகொண்டு கிடங்குக்குள் போனார்.

வீட்டில் அத்தை ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். "என்னத்த எடுத்தீங்க?"

"சொல்ல முடியாது."

"என்கிட்டயா?"

"உன்கிட்டயுந்தான்."

"ஊரெல்லாம் கேக்கக் கத்தத் தெரிஞ்சுது, கட்டினவகிட்ட சொல்ல வாய் இல்லையா?" மாமா நடந்துகொண்டே இருந்தார். நான் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுதாமல் அந்தக் காலடிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாப்பாட்டை நான் கொண்டுபோனேன். ஸ்டீம் அறைக்கு ஒரு பின்வாசல் உண்டு, குப்பை கொட்டும் சந்தில் திறக்கும். மாமா அங்கே வேர்வையில் நனைந்து நின்றுகொண்டிருந்தார். அவரோடு சாம்பல் கோட்டுக்காரர். இன்றும் டை கட்டியிருந்தார். மாமா பொத்தான் போட்டு வைக்கும் சின்ன காகித உறையை அவரிடம் நீட்டினார். என்னைப் பார்த்ததும் அந்த மனிதர் தயங்கினார்.

"நம்ம புள்ளதான். வெளிய போவாது" என்றார் மாமா.

அவர் உறையைத் திறந்தார். கிழித்த சினிமா டிக்கெட்டுகள். ஒரு கொத்து. எல்லாம் காலைக் காட்சி, எல்லாம் வேலை நாள்.

"வேலை போயிடுச்சு" என்றார், யாரும் கேட்காமலே. "வீட்ல இன்னும் சொல்லல. காலைல கெளம்பி வந்துடறேன். நாள் முழுக்க எங்க போறது? தியேட்டர்ல இருட்டா இருக்கும், யாரும் பாக்க மாட்டாங்க."

"அது சரி. ஆனா படம் பாத்தவுடனே தூக்கிப் போட வேண்டியதுதானே? சேத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் மாமா.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "கணக்குப் பிரிவுல இருந்தேன். எதுக்கும் ரசீது இல்லாம விடமாட்டேன். கை பழகிடுச்சு."

மாமாவும் சிரித்துவிட்டார். பிறகு அந்த மனிதர், "உங்க முதலாளிகிட்ட நான் சொல்லிடறேன்" என்றார்.

"என்னன்னு சொல்லுவீங்க?"

அவர் டிக்கெட்டுகளைத் திரும்ப உறைக்குள் போட்டார்.

"முதல்ல வீட்ல சொல்லுங்க. அப்புறம் இங்க வாங்க" என்றார் மாமா. அவர் தலையாட்டினார். டையைச் சரிசெய்துகொண்டு சந்து வழியாகப் போனார். பிறகு அவர் வரவே இல்லை. கோட்டை வாங்க மனைவிதான் வந்தார் என்று கேள்விப்பட்டேன். கவுண்ட்டரிலேயே நின்று எல்லாப் பைகளிலும் கைவிட்டுப் பார்த்தாராம்.

"தட்டுல கவுத்து வச்சிருக்கலாமே மாமா, எப்பவும் போல" என்றேன்.

"எப்பவும் போல எங்க இருந்தேன்? கூவிக்கிட்டுல்ல இருந்தேன். அடுத்தது என்னன்னு அத்தனை பேரும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறாங்க. கவுத்து வச்சா அந்தம்மா திருப்பிப் பாக்காதா?" ஈரமான கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவருடைய பழைய குறும்பு ஒரு கணம் எட்டிப் பார்த்தது. "மூணாவது சீனுக்குச் சொல்லிக் குடுத்த வித்தை. இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் நெசமா பண்ணேன். டேக் ஓகேயா?"

"ஓகே இல்ல மாமா. ஒருத்தர் பாத்துட்டாரு."

"குடை வச்சிருக்கறவன் எப்பவும் கீழதான் பாப்பான்" என்றார் மாமா. உள்ளே இயந்திரம் கூப்பிட்டது. போய்விட்டார்.

சுத்தம் செய்யாத கோட்டையே போட்டுக்கொண்டு கருத்தரங்கில் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். மூன்று காட்சிகள், மூன்று நிலைகள். முடிந்ததும் துறைத்தலைவர் கேட்டார்: "அந்தப் பாத்திரம் முதல் காட்சியில் பர்ஸை எடுத்தானா இல்லையா?"

"தெரியாது. கோட்பாட்டின்படி அது முக்கியமில்லை. பார்த்தவர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்பதுதான் முக்கியம்" என்றேன்.

சரியான பதில். அவர் தலையசைத்தார். நான்தான் மேசைக்குப் பின்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். யாருக்கு முக்கியமில்லை? பார்க்கிறவர்களுக்கு முக்கியமில்லை, சரி. மூடிய கைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆளுக்கு? எடுத்தான், ஆனால் திருடவில்லை. திருடன் என்கிறார்கள், மறுக்க வழியிருந்தும் மறுக்கவில்லை. இந்த ஆளைக் கோட்பாட்டின் எந்தக் கட்டத்தில் வைப்பது? மாமாவின் கதையைச் சொல்லியிருந்தால் அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். சொல்லவில்லை. அது என் பையில் இருந்த பொருள் அல்ல. கட்டுரை திரும்பி வந்தபோது ஓரத்தில் 'முடிவுரை போதவில்லை' என்று இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். இதை எழுதும்போதும் போதவில்லை.

கவுண்ட்டரில் மாப்பிள்ளை நின்றார். அவருக்கு அடுத்தவர் பைக்குள் கைவிடக் கூச்சம். மேலாகத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்புவார். ஒருநாள் யாருடைய பையிலோ ஓர் உதட்டுச்சாயக் குச்சி இருந்தது. அது உருகி, ஓர் உணவகத்தின் வெள்ளை மேசைவிரிப்புகள் அத்தனையும் சிவப்புத் தேமலோடு வெளியே வந்தன. முதலாளி நேராகக் கிடங்குக்கு வந்தார்.

"நாளையிலேர்ந்து முன்னாடி வா" என்றார். "ஒரே ஒரு விஷயம். அன்னிக்கு என்ன எடுத்தேன்னு மட்டும் சொல்லிடு. எனக்கு மட்டும். ஆளுங்க கேட்டா நான் சமாளிச்சுக்கறேன்."

இதை மாமாவே பிறகு எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் விரல் கதவு நிலையைத் தட்டிக்கொண்டே இருந்தது. கவுண்ட்டர், வெளிச்சம், வரிசை, எல்லாம் ஒரு வார்த்தை தூரத்தில் இருந்தன. முதலாளி நல்லவர்தான், ஆனால் அவர் வாயில் எதுவும் தங்காது. சாம்பல் கோட்டுக்காரரின் வீடோ இரண்டு தெரு தள்ளித்தான்.

"எடுத்தேன்னே வச்சுக்குங்க முதலாளி" என்றாராம் மாமா.

 "அப்ப இங்கயே இரு" என்றார் முதலாளி. வாசல்வரை போய்த் திரும்பி, "துணி மெஷினுக்குப் போறதுக்கு முன்னாடி பாக்கெட்ட மட்டும் நீ ஒரு தடவ பாத்துடு" என்றார்.

அந்தக் கையை அவர் நம்பினார். முகத்தைத்தான் முன்னால் வைக்க முடியவில்லை.

தோழியின் கோட்டைப் பிறகு மாப்பிள்ளையிடம்தான் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அதோடு ஒரு பொத்தான் உறை ஊசியால் குத்தியிருந்தது. உள்ளே நான் மறந்துபோன பேருந்துச் சீட்டு. கவிழ்ந்திருந்தது.

போன மாதம் அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். முன்பெல்லாம் மாமா எங்கள் எல்லாரையும் இழுத்து உட்கார வைப்பார். இந்த முறை அத்தைதான் கூப்பிட்டார். "வாங்க, உங்க பஸ் வருது."

மாமா வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு, வெறும் பனியனோடு நின்றார். உள்ளே வந்து உட்காரவில்லை. கதவு நிலையில் சாய்ந்தார். கால் ஆடியது. திரையில் கூச்சல், சட்டையைப் பிடிக்கும் கைகள், அடி.

அத்தை திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "இப்பவாவது சொல்லுங்க. எடுத்தீங்களா, இல்லையா?"

"சத்தத்தக் கொஞ்சம் கூட்டு" என்றார் மாமா.

அத்தை கூட்டினார். பேருந்து போய்விட்டது. புழுதியில் இருந்து அந்த ஒல்லி ஆள் எழுந்து காலரைச் சரிசெய்துகொண்டான். வாசலில் மாமாவின் கையும் தானாகக் கழுத்துக்குப் போனது. பனியனுக்குக் காலர் கிடையாது. விரல்கள் அங்கே கொஞ்ச நேரம் எதையோ தேடின.